உடன்குடியில் வாடகை வீடு: தரகர்கள் குறித்த சில நினைவுகள்

தூத்துக்குடி மாவட்டத்தின் தென்பகுதியில், திருச்செந்தூருக்கும் திசையன்விளைக்கும் இடையே அமைந்த உடன்குடி நெடுங்காலமாகச் சொந்த வீட்டுக்காரர்களின் ஊராகவே இருந்துவந்தது. கருப்பட்டிக்கும் பனங்கற்கண்டுக்கும் பேர்போன இவ்வூரிலிருந்து சென்னைக்கும் மும்பைக்கும் முற்காலத்தில் இலங்கைக்கும், பிற்காலத்தில் வளைகுடா நாடுகளுக்கும் தொழில் தேடிச் சென்றவர்கள் மிகப் பலர். ஆனால் வெளியூரிலிருந்து இங்கே பிழைக்க வந்தவர்கள், பள்ளி ஆசிரியர், வங்கி ஊழியர், மின்வாரியப் பணியாளர், மருத்துவமனைச் செவிலியர் என்று எளிதில் வகைப்படுத்தக்கூடிய அளவில்தான் இருந்தனர். இதன் விளைவாக, வெளியூர் சென்றவர்கள் பூட்டிவிட்டுப் போன வீடுகள் தெருவுக்குச் சில இருக்கும்போதே, வாடகைக்கு என்று கேட்டால் வீடே இல்லை என்ற விடை கிடைப்பது இவ்வூரின் இயல்பாயிற்று. வீட்டுக்காரர் தொலைவில் இருக்கிறார், வந்திருப்பவரையோ ஊரில் எவருக்கும் தெரியாது என்ற இந்த இரட்டை இடைவெளியில் உருவானவரே உடன்குடியின் வீட்டுத் தரகர். பெருநகரத் தரகரைப் போல வீடு பற்றிய தகவலை விற்பது அவருடைய முதன்மை வேலையன்று. முன்பின் அறியாத ஒருவருக்காகத் தம் பெயரைப் பணயம் வைத்துப் பொறுப்பேற்பதே அவர் செய்த வேலை என்பதும், கமிஷன் என்ற பெயரில் அவர் பெற்றது அந்தப் பொறுப்புக்கான கூலியே என்பதும், இவ்வூரில் வெவ்வேறு காலங்களில் வீடு தேட நேர்ந்த கட்டுரையாளரின் நினைவுகளிலிருந்து எழும் முடிவுகள் ஆகும்.

தரகு என்பது உடன்குடிக்குப் புதிய தொழிலன்று. பதநீர் இறங்கும் கோடை மாதங்களில் பனையேறிகளின் குடும்பத்துப் பெண்கள் காய்ச்சி எடுக்கும் கருப்பட்டி, பனைகள் நிற்கும் விளையிலிருந்து நேரே வெளியூர் வியாபாரியின் கடைக்குப் போவதில்லை. இடையில் கமிஷன் மண்டி என்ற நிலையம் உண்டு. விற்பவரின் சரக்கை வாங்கி வைத்து, வாங்குபவருக்கு எடைபோட்டுக் கொடுத்து, விலையில் ஒரு பங்கைத் தனக்கென எடுத்துக்கொள்ளும் இடம் என்று மண்டிக்குச் சுருக்கமாக விளக்கம் கூறலாம். ஆனால் மண்டிக்காரர் எடைபோடுவதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. இந்தச் சிப்பத்தில் சீனி கலக்கப்படவில்லை என்பதற்கு வாங்குபவரிடம் அவர் சாட்சி, பணம் உரிய நாளில் வந்துசேரும் என்பதற்கு விற்பவரிடம் அவரே பிணை. இரு பக்கமும் ஒருவரை ஒருவர் பாராமலே நடக்கும் வணிகத்தில், இரு பக்கமும் அறிந்த ஒருவருடைய வாக்கு எவ்வளவு பெறும் என்பதை உடன்குடி தலைமுறைகளாகக் கணக்கிட்டுப் பழகியிருந்தது. வீட்டுத் தரகு அந்தப் பழக்கத்தின் சிறிய கிளை எனலாம். அதை முழுநேரத் தொழிலாகச் செய்தவர் எவரும் அக்காலத்தில் இல்லை. பேருந்து நிலையத்தருகே சைக்கிள் கடையோ பெட்டிக்கடையோ தேநீர்க் கடையோ வைத்திருந்தவர்கள், நாள் முழுதும் ஊரின் போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த காரணத்தாலேயே, எந்த வீடு எப்போது காலியாகும் என்பதை அறிந்தவர்களாக இருந்தனர்.

1990களின் நடுவில் வங்கிப் பணி மாற்றலாகி உடன்குடிக்கு வந்த கட்டுரையாளருக்கு முதலில் அறிமுகமான தரகர் அத்தகைய ஒரு சைக்கிள் கடைக்காரர். கிளையில் நெடுநாள் பணியாற்றிய கடைநிலை ஊழியர் ஒருவர் அவரை அடையாளம் காட்டி, ஊரில் வீடு வேண்டுமென்றால் அண்ணாச்சியிடம் சொல்லிவைப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று கூறினார். தரகர் வீட்டைப் பற்றி எதுவும் பேசுவதற்கு முன் வந்தவரைப் பற்றிக் கேட்டார்: சொந்த ஊர் எது, குடும்பத்தை எப்போது அழைத்துவருவார், பெரியவர்கள் உடன் இருப்பார்களா, பிள்ளைகள் எந்தப் பள்ளியில் சேர்வார்கள், முன்பு வேலை பார்த்த ஊரில் யார் வீட்டில் குடியிருந்தார். கடைசிக் கேள்வி ஒப்புக்குக் கேட்கப்பட்டதன்று என்பது பின்னர் தெரியவந்தது. முந்தைய வீட்டுக்காரரின் ஊருக்குச் சரக்கு ஏற்றிச் சென்ற லாரி ஓட்டுநர் ஒருவர் மூலம் அவர் விசாரித்து முடித்திருந்தார். இக்காலத்தில் பின்புலச் சரிபார்ப்பு என்று நிறுவனங்கள் கட்டணம் வாங்கிச் செய்யும் வேலையை, அவர் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டே செய்து முடித்தார்.

அடுத்து வந்த நாட்களில் அவர் காட்டிய வீடுகள் இப்பகுதியின் வீட்டு வகைகளுக்கு ஒரு சிறு பாடமாக அமைந்தன. முதலாவது ஒரு வளவு வீடு. ஒரே நுழைவாயிலும் ஒரே கிணறும் கொண்ட மனைக்குள் வரிசையாகக் கட்டப்பட்ட சிறு குடியிருப்புகளை நெல்லைச் சீமையில் வளவு என்பர். அதில் வாடகை குறைவு, காவல் மிகுதி, தனிமை சற்றும் இல்லை. இரண்டாவது பழைய ஓட்டு வீடு. தெருவை ஒட்டிய தார்சா எனப்படும் முன்கூடம், அதைக் கடந்தால் ஒரே ஒரு அறை, அதன் பின் அடுக்களை, கடைசியில் புறவாசல் என்று நேர்கோட்டில் நீளும் அமைப்புடையது. மூன்றாவது, சென்னையில் மளிகைக் கடை வைத்திருந்த ஒருவர் தம் முதுமைக் காலத்துக்கென்று கட்டிப் பூட்டிவைத்திருந்த காரை வீடு. வீடுகளின் பரப்பு, காற்றோட்டம், சுவரின் நிறம் ஆகியவை பற்றித் தரகர் ஒரு சொல்லும் கூறவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் அவர் முதலில் சென்ற இடம் கிணற்றடி அல்லது அடிபம்பு. மூன்றாவது வீட்டில் ஒரு வாளி தண்ணீர் இறைத்து வைத்துவிட்டு, “சார், இந்தத் தண்ணியில பருப்பு வேவும்” என்று மட்டும் சொன்னார்.

அந்த ஒரு தொடரில் உடன்குடியின் நிலவியல் முழுதும் அடங்கியிருந்தது என்பதைப் புரிந்துகொள்ளச் சில மாதங்கள் ஆயின. ஊருக்கு மேற்கே குதிரைமொழித் தேரி எனப்படும் செம்மணல் மேடு விரிந்துகிடக்கிறது. காற்று கொண்டுவந்து குவித்த செம்மணலால் ஆன இத்தகைய மேடுகளைத் தேரி என்று அழைப்பது இப்பகுதி வழக்கு. மழைநீர் அம்மணலில் எளிதாக இறங்கிவிடுவதால் தேரியை ஒட்டிய பகுதிகளில் கிணற்று நீர் பெரும்பாலும் இனிமையாக இருக்கும். கிழக்கே கடல். தாமிரபரணிப் பாசனத்தின் கடைக்கோடியில் உள்ள குளங்களுக்கு நீர் வராத ஆண்டுகளில், ஆழ்குழாய்கள் நிலத்தடி நீரை இறைத்துவிட, அந்த இடத்தைக் கடல்நீர் நிலத்தடியிலேயே வந்து நிரப்புகிறது. சடையநேரிக் கால்வாயில் தண்ணீர் விடக் கோரி இவ்வட்டார விவசாயிகள் மீண்டும் மீண்டும் முறையிட்டுவருவதன் காரணம் இதுவே. உப்பு ஏறிய கடினநீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளைப் படலம் படியும். எந்தத் தெருவில் எந்த ஆண்டு தண்ணீர் மாறியது என்ற கணக்கு ஓர் அலுவலகத்தின் ஏட்டிலும் வீடு தேடுபவருக்குக் கிடைக்காத நிலையில், அது தரகரின் நினைவில் வீட்டெண்ணோடு இருந்தது. வீடு தேடுவதில் தொழில்முறை உதவி என்பதன் பயன், தேடுபவர் கேட்கத் தெரியாத கேள்வியை அவருக்காக மற்றொருவர் கேட்பதே என்றால், அதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

மூன்றாவது வீட்டின் உரிமையாளர் சென்னையில் இருந்ததால், பேச்சு பேருந்து நிலையத்தின் எஸ்.டி.டி. பூத்திலிருந்து தொலைபேசியில் நடந்தது. வாடகைத் தொகை பற்றிய பேச்சு சிறிது நேரமே நீடித்தது. மிகுதி நேரம் முழுவதும் வந்திருப்பவர் எப்படிப்பட்டவர் என்பதைத் தரகர் விவரிப்பதில் கழிந்தது. “ஆளு தங்கமான ஆளு அண்ணாச்சி, எம்பொறுப்பு” என்று அவர் சொன்னதோடு உடன்பாடு முடிந்தது. எழுத்து எதுவும் இல்லை. திறவுகோல் முன்பே அவரிடம்தான் இருந்தது. குடியேறுபவரிடம் ஒரு மாத வாடகையையும், உரிமையாளரிடம் அதில் பாதியையும் அவர் கமிஷனாகப் பெற்றார். ஆனால் பணம் பெற்றதோடு அவருடைய வேலை முடிந்துவிடவில்லை. மாதந்தோறும் வாடகையை வாங்கி வங்கியில் செலுத்தியதும், வீட்டுவரி ரசீதை அஞ்சலில் அனுப்பியதும், மழைநீர் ஒழுகியபோது கொத்தனாரை அழைத்துவந்ததும், உரிமையாளர் திருவிழாவுக்கு ஊருக்கு வரும்போது இரு தரப்பையும் சந்திக்கவைத்ததும் அவரே. இவற்றுக்கெனத் தனிக் கூலி எதுவும் பேசப்படவில்லை. பொறுப்பேற்றவர் அப்பொறுப்பை விட்டுவிட முடியாது என்பது இரு தரப்பும் சொல்லாமலே ஏற்ற நியதியாக இருந்தது.

இந்த ஏற்பாட்டில் புழங்கிய பணச்சொற்கள் சிலவற்றை இங்கே விளக்குதல் வேண்டும். அட்வான்ஸ் என்பது குடியேறும்போது கொடுத்து, காலி செய்யும்போது திரும்பப் பெறும் முன்பணம். சென்னையில் பத்து மாத வாடகை வரை அட்வான்ஸ் கேட்பது பரவலாக இருந்தபோது, உடன்குடியில் இரண்டு மூன்று மாத வாடகையே போதுமானதாகக் கருதப்பட்டது. தரகரின் வாக்கு பாதிப் பிணையாக நின்றதே இதற்குக் காரணம் என்று கொள்ளலாம். ஒத்தி என்பது வேறு வகை: பெருந்தொகை ஒன்றை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, வாடகையின்றிக் குடியிருந்து, குறித்த காலம் முடிந்ததும் அதே தொகையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வெளியேறுதல். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் பார்வையில் இது வாடகை அன்று, அனுபவ அடமானம். நூறு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள அத்தகைய அடமானம் பதிவுசெய்யப்பட்ட ஆவணத்தின் மூலமே நடைபெற வேண்டும். நடைமுறையில் முத்திரைத்தாளில் எழுதிச் சாட்சிக் கையெழுத்து வாங்குவதோடு பலரும் நின்றுவிட்டனர். மகளின் திருமணத்துக்கோ கடையின் விரிவாக்கத்துக்கோ பணம் தேவைப்பட்ட வீட்டுக்காரரும், மாதச் செலவைக் குறைக்க விரும்பிய குடியிருப்பவரும் சேர்ந்து விரும்பிய முறை இது என்றாலும், வீட்டுக்காரரின் கை வறண்டுபோனால் ஒத்திப் பணம் திரும்புவது கடினம். எனவே ஒத்திக்கு வீடு பார்ப்பவர் வீட்டைவிட வீட்டுக்காரரின் வரவு செலவை அறிய வேண்டியிருந்தது. அந்த அறிவும் தரகரிடமே இருந்தது.

தரகரின் இடத்தில் அரசே நிற்க முயன்ற காலமும் தமிழகத்தில் உண்டு என்பது இங்கு நினைக்கத்தக்கது. இரண்டாம் உலகப்போர்க் கால வீட்டுத் தட்டுப்பாட்டை ஒட்டி 1941இல் சென்னை மாகாணத்தில் வாடகைக் கட்டுப்பாடு தொடங்கியது. அவ்வழியில் வந்த 1960ஆம் ஆண்டின் தமிழ்நாடு கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம், ‘நியாய வாடகை’யை நிர்ணயிக்க வழிசெய்ததோடு, வீடு காலியானால் உரிமையாளர் அதை உரிய அலுவலருக்கு அறிவிக்க வேண்டும் என்றும், அரசு தன் அலுவலர்களுக்காக அவ்வீட்டை எடுத்துக்கொள்ளலாம் என்றும் விதித்தது. சென்னை, மதுரை ஆகிய நகரங்களையும் நகராட்சிகளையும் முதன்மையாகக் கருதி எழுதப்பட்ட அச்சட்டத்தின் நிழல் உடன்குடி போன்ற பேரூர்களின் அன்றாட வாழ்வில் விழவே இல்லை. காலி வீட்டைப் பற்றிய தகவலை அரசு அலுவலகத்தால் தொகுக்க இயலும். குடியேறப்போகிறவர் எப்படிப்பட்டவர் என்ற வீட்டுக்காரரின் அச்சத்துக்கு விடை சொல்ல அலுவலகத்தால் இயலாது.

2017ஆம் ஆண்டின் இறுதியில், உடன்குடியில் தலா 660 மெகாவாட் திறனுள்ள இரண்டு அலகுகள் கொண்ட அனல்மின் நிலையத்தை அமைக்கும் ஒப்பந்தத்தைத் தமிழ்நாடு மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகம் பெல் நிறுவனத்திடம் அளித்ததை அடுத்து, இச்சிறு உலகம் விரைவாக மாறியது. கல்லாமொழிக் கடற்கரையை ஒட்டிப் பணிகள் தொடங்கியதும், பொறியாளர்களும் மேற்பார்வையாளர்களும் துணை ஒப்பந்தக்காரர்களின் ஆட்களும் வட மாநிலத் தொழிலாளர்களும் ஒரே நேரத்தில் வீடு தேடினர். வெளியாட்கள் இவ்வட்டாரத்துக்கு வருவது அதுவே முதல் முறை அன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரி நிறுவனம் குலசேகரன்பட்டினத்தில் சர்க்கரை ஆலை நடத்தியதும், உடன்குடி வழியாகச் சிறு ரயில் ஓடி 1940இல் நின்றுபோனதும் முதியோர் கேள்வியில் இன்றும் உண்டு. ஆயினும் மாத வாடகையை நம்பி மாடி எடுத்துக் கட்டும் வழக்கம் அனல்மின் நிலையத்தோடுதான் வலுப்பெற்றது. கட்டுரையாளர் தம் உறவினர் மகனான இளம் பொறியாளர் ஒருவருக்காக மீண்டும் வீடு தேட நேர்ந்தபோது, பழைய சைக்கிள் கடை கைப்பேசிக் கடையாக மாறியிருந்தது. அதை நடத்திய இளைஞர் காலி வீடுகளின் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினார், கமிஷன் தொகையை முதலிலேயே தெளிவாகச் சொன்னார், வீட்டைக் காட்டிய அன்றே கணக்கை முடித்துக்கொண்டார். பதினொரு மாத ஒப்பந்தப் பத்திரத்தையும் அவரே தட்டச்சு செய்துவைத்திருந்தார். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி கட்டாயம் பதிவுசெய்ய வேண்டியிருப்பதால், அதைத் தவிர்க்க நாடெங்கும் கையாளப்படும் கால அளவு அது.

புதிய முறையின் நன்மைகளை மறுக்க இயலாது. வேலை விரைவாக முடிந்தது, தொகை வெளிப்படையாக இருந்தது, எழுத்து இருந்தது. ஆயினும் தண்ணீரைப் பற்றிக் கேட்டபோது, லாரித் தண்ணீர் கிடைக்கும் என்ற விடையே வந்தது. வீட்டுக்காரருக்கும் குடியேறியவருக்கும் இடையே பின்னர் மின்கட்டணம் பற்றிய சிறு பிணக்கு எழுந்தபோது, தம் வேலை என்றோ முடிந்துவிட்டதாகத் தரகர் கருதினார். தரகரே வேண்டாம் என்று கூறும் இணையச் சேவைகளும் இக்காலத்தில் உண்டு. 2014இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட நோபுரோக்கர் அவற்றுள் பெயர்பெற்றது. அவை பெருநகரங்களை மையமாகக் கொண்டவை. உரிமையாளரையும் தேடுபவரையும் நேரே இணைப்பவை. ஆனால் இருவருள் எவருக்காகவும் மற்றவரிடம் பிணை நிற்பவை அல்ல.

பழைய முறையைப் போற்றுவதற்கும் எல்லை உண்டு. பொறுப்பேற்பவர் யாருக்காகப் பொறுப்பேற்பார் என்ற கேள்வியில்தான் இத்தொழிலின் இருண்ட பகுதி உள்ளது. சைக்கிள் கடைக்காரர் கேட்ட கேள்விகளுள் சாதி, மதம் ஆகியவை வெளிப்படையாக இடம்பெறவில்லை; சொந்த ஊரும் தெருவும் தந்தை பெயரும் கேட்டாலே அவை விளங்கிவிடும் என்பதால் வெளிப்படையாகக் கேட்கத் தேவையும் இல்லை. வங்கி ஊழியர், குடும்பத்தார் என்ற தகுதிகள் இருந்ததால் கட்டுரையாளருக்குக் கதவு எளிதில் திறந்தது. அதே கிளையில் பணிபுரிந்த பட்டியல் சாதியைச் சேர்ந்த எழுத்தர் ஒருவரிடம் தரகர் ஒருபோதும் மறுத்துப் பேசவில்லை. மரியாதையாக உட்காரவைத்து, இப்போது வீடு எதுவும் காலியில்லை என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த எழுத்தர் கடைசிவரை திருச்செந்தூரில் குடியிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்துபோனார். தனித்து வாழும் பெண்களுக்கும், மணமாகாத இளைஞர்களுக்கும், அண்மைக் காலத்தில் வட மாநிலத் தொழிலாளர்களுக்கும் இதே விடை கிடைத்திருக்கிறது. வீட்டுக்காரர் தம் வாயால் சொல்லக் கூசும் மறுப்பை அவருக்காகச் சொல்வதும் கமிஷனில் அடங்கிய ஒரு சேவையாகவே இருந்தது. அந்த வகையில், புகைப்படமும் தொகையும் மட்டும் பேசும் புதிய தரகர், எவருக்காகவும் பொறுப்பேற்காவிட்டாலும், சிலருக்குக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

சட்டம் இதற்கிடையே மாறிவிட்டது. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, சொத்து உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. வாடகை உடன்படிக்கை எழுத்தில் இருக்க வேண்டும், அது துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் பதிவுசெய்யப்பட வேண்டும், வேறு உடன்பாடு இல்லாதபோது முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படக்கூடாது என்பன அதன் முக்கிய விதிகள். மறுபுறம், 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் முகவர்களைப் பதிவுசெய்யச் சொல்கிறது என்றாலும், அது மனை, வீடு ஆகியவற்றின் விற்பனையில் ஈடுபடும் முகவர்களையே கருதுகிறது; வாடகைக்கு வீடு பிடித்துத் தரும் தரகர் அதன் வரம்புக்குள் வருவதில்லை. இவ்வாறு உரிமையாளருக்குச் சட்டம் உண்டு, வாடகைதாரருக்குச் சட்டம் உண்டு, நிலம் விற்பவரின் முகவருக்கும் சட்டம் உண்டு. இருவரையும் சேர்த்துவைத்துக் கமிஷன் பெறும் வீட்டுத் தரகர் மட்டும் எந்த ஏட்டிலும் இல்லாதவராகவே தொடர்கிறார்.

எனினும் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘சொத்து மேலாளர்’ என்ற ஒருவருக்கு இடம் அளிக்கப்பட்டுள்ளது. உரிமையாளரின் சார்பில் வாடகை பெறவும் வீட்டைப் பராமரிக்கவும் அதிகாரம் பெற்றவர் என்று அவரை விளக்கலாம். சைக்கிள் கடைக்காரர் ஆண்டுக்கணக்கில் செய்த வேலை இதுவே. பூட்டிய வீடுகள் நிறைந்த இவ்வூரில் அத்தகையவர்கள் இன்றும் சிலர் இருக்கின்றனர். 2024 பிப்ரவரி 28 அன்று குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்ட பின், வெளியாட்களின் வரவு இனியும் பெருகும் என்ற எதிர்பார்ப்பில் நிலத் தரகும் வீட்டுத் தரகும் ஒன்றாகக் கலந்து வளர்கின்றன. இந்நிலையில் குடியேறப்போகும் ஒருவர் தரகரிடம் கேட்கத்தக்க உதவி, வீட்டைக் காட்டுவது மட்டுமன்று; தண்ணீரின் தன்மையைச் சொல்வதும், பெற்ற கமிஷனுக்கு ரசீது தருவதும், வீட்டைத் தொடர்ந்து கவனிப்பவராக இருந்தால் உரிமையாளரின் ஒப்புதலோடு உடன்படிக்கையில் தம் பெயரையும் சேர்த்துக்கொள்வதும் ஆகும். வாய்ச்சொல்லாக இருக்கும்வரை ஒருவர் ஏற்கும் பொறுப்பு அவர் விரும்பியவர்களுக்கு மட்டுமே கிடைக்கும். எழுத்தில் வந்த பின், அதைக் கேட்டுப் பெறும் உரிமை வாடகை கொடுக்கும் எவருக்கும் உண்டு.